கடல் நுரையும் பாராவ் குருவியும்

போன மாதம் மலாக்கா டவுனில் நாம் எல்லோரும் கூடினோமே, அன்றைக்குக் கேக் வெட்டி முடித்ததும் உங்களில் ஒருத்தி கத்தினாள். “ஏய், அந்தப் பழைய விசில ஒன்னு அடி-லா! ஸ்போர்ட்ஸ் டேயில அடிப்பியே!” உடனே எல்லோரும் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, முன்பல்லில் வேலை செய்திருக்கிறது, காற்று நிற்காது என்றேன். நம் வயசுக்கு யாரும் சந்தேகப்படாத பொய். பேச்சு அப்படியே சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் தூக்கம் சரியில்லை. குழுவில் குரல் பதிவாகப் போடலாம் என்று பார்த்தேன், பாதியிலேயே அழித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாம் ஆண்டு அறிவியல் வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் என்னை ஓட்டுகிறீர்கள். ‘நன்றி’ என்று எழுதிப் போட்டு டிரைவர் பெரியப்பாவை மாட்டிவிட்டவள் நான். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்களே சமாதானமும் சொல்லுவீர்கள். அங்கேதான் தப்பு. எனக்குத் தெரியும்.

சுங்கை ரம்பாய் போகிற வழியில் நம் தோட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் கதவு டிரைவர் பெரியப்பாவுடையது. சொந்தப் பெரியப்பா இல்லை. தோட்டத்து லோரி ஓட்டினவர், அப்பாவைவிட மூத்தவர், அதனால் பெரியப்பா. பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீட்டில் ஒரு ரேடியோ, ஆணியில் தொங்கும் லோரிச் சாவி, கூண்டில் ஒரு பாராவ் குருவி. அவ்வளவுதான் குடும்பம்.

குருவி என்றால் சிட்டுக்குருவி அளவில்லை. மைனாவைவிடப் பெரிது. தலை மட்டும் வைக்கோல் மஞ்சள், கண்ணுக்குக் கீழே மீசை வரைந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, மற்றபடி மண் நிறம். பார்வைக்கு ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால்தான் தெரியும் அது யாரென்று. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் பெரியப்பா வாசலில் நின்று விசில் அடிப்பார், இரண்டு நீளம், ஒரு குட்டை. உடனே குருவி உருட்டி உருட்டி ஒரு பதில் சொல்லும். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் அம்மா அடுப்பு மூட்டுவார். “அண்ணன் குருவி கூப்ட்ருச்சு, எழுந்திரு!” என்று என் போர்வையை இழுப்பார்.

“நான் புடிக்கல பாப்பா,” என்று பெரியப்பா அடிக்கடி சொல்லுவார், யாரோ கேட்ட மாதிரி. “வெள்ளத்துல கூட்டோட மெதந்து வந்துச்சு. அள்ளி எடுத்தேன், அவ்ளோதான்.” முன்னெல்லாம் ஆற்றோரம் முழுக்க இந்தப் பாராவ்தானாம். டவுனிலிருந்து ஆட்கள் வலையும் பசைக் குச்சியும் கொண்டுவந்து ஒன்று விடாமல் பிடித்துப் போனார்களாம். என் நினைவில் ஆற்றங்கரையில் ஒரு பாராவ்கூடக் கூவியதில்லை. கூண்டில் இருந்த இது ஒன்றுதான் மிச்சம்.

கூண்டுக் கம்பியில் வெள்ளையாக ஒரு பொருள் கட்டியிருக்கும். படகு மாதிரி வடிவம், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். குருவி அதைக் கொத்திக்கொண்டே இருக்கும். “இது கடல் நுரை பாப்பா. அலை அடிச்சு அடிச்சு நுரை இறுகிப் போயி இப்படி ஆயிடும்,” என்றார் பெரியப்பா. நாட்டு மருந்துக் கடையிலும் அதே பேரில்தான் விற்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார்.

எனக்கு அந்த வயசிலேயே வாய் அதிகம். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருவாரே மலாய்க்கார மாமா, பாக்சிக் என்போமே, அவரிடம் போய் இது என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு பெரிய சோத்தோங்கை, அதுதான் நம் கணவாயை, எடுத்து முதுகைக் கீறினார். உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது அதே வெள்ளைப் படகு! மேலெல்லாம் மை தெறிக்க அதைப் பிடுங்கிக்கொண்டு நேரே பெரியப்பாவிடம் ஓடினேன்.

“பெரியப்பா! நுரையும் இல்ல ஒன்னும் இல்ல. இது சோத்தோங்கோட எலும்பு!”

“அட போ பாப்பா. சோத்தோங்குக்கு ஏது எலும்பு? வழுவழுன்னு இருக்கு.”

அப்படித்தான் அறிவியல் வாரத்துக்கு எனக்குத் தலைப்பு கிடைத்தது. முதுகெலும்பு உள்ள உயிர் ஒன்று, இல்லாத உயிர் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு மணிலா அட்டையில் எழுதி வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நீங்கள் எல்லோரும் பூனை, மண்புழு, கோழி, தும்பி என்று போனீர்கள். நான் பாராவும் சோத்தோங்கும். முதலில் நான் இரண்டையும் ‘முதுகெலும்பு உள்ளவை’ பக்கத்தில் போட்டிருந்தேன். டீச்சர் என் கையிலிருந்த வெள்ளைப் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எலும்பு இல்லம்மா, ஓடு. நத்தைக்கு வெளிய இருக்கு, இதுக்கு உள்ள இருக்கு. சோத்தோங் நத்தைக்குத்தான் சொந்தம், மீனுக்கு இல்ல,” என்றார். வகுப்பே சிரித்தது. நத்தையைச் சம்பல் வைத்தா சாப்பிடுகிறோம் என்று உங்களில் ஒருத்தன் குமட்டிக் காட்டினான்.

டீச்சர் எங்கிருந்தோ காப்பு விலங்குகள் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டியிருந்தார். அதில் பாராவ் இருந்தது. அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது. சோத்தோங்கைத் தேடினேன், இல்லவே இல்லை. யார் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், கேட்க நாதியில்லை. எனக்கு அது விநோதமாகப் பட்டது. நம் லயத்தில் குருவி தினமும் கூவுகிறது, சோத்தோங்கோ எப்போதாவதுதான் தட்டுக்கு வரும். அப்படியானால் சோத்தோங்தானே அரிது? டீச்சரிடம் கேட்டேன். “உன் தட்டை வச்சு கடல எண்ணாத,” என்றார்.

அட்டையில் கட்டம் போட்டு எழுதினேன். பாராவ்: பாடும் பறவை, முதுகெலும்பு உண்டு, சட்டத்தால் காக்கப்பட்டது, அனுமதியின்றிக் கூண்டில் அடைப்பது குற்றம். சோத்தோங்: மெல்லுடலி, முதுகெலும்பு இல்லை, காப்பு இல்லை. கடைசிக் கட்டம் ‘யாரால் ஆபத்து?’ இரண்டுக்கும் ‘மனிதன்’ என்று எழுதினேன். அட்டையின் அடியில் தங்க மையில், நம் பள்ளிக்கூடத்து வழக்கப்படி, நன்றி. குருவியைக் கூண்டோடு கொடுத்து உதவிய லோரி டிரைவர் பெரியப்பா அவர்களுக்கு, தோட்டத்துப் பேர், லயம், கடைசி வீடு என்று விலாசத்தோடு.

அட்டைகளைப் பார்வைக்கு வைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் டீச்சர் அட்டையைப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். “குற்றம்னு மேல எழுதியிருக்க, கீழ அவர் பேரையும் போட்டிருக்க. நாளைக்குக் காட்டிலாகா ஆபீசர் விருந்தாளியா வர்றாரு. ரெண்டுல ஒன்ன அழிச்சிடும்மா,” என்றார். சரி டீச்சர் என்றேன். அழிக்கவில்லை. சட்டத்தை அழித்தால் தகவலுக்கு மதிப்பெண் போய்விடும். நன்றியை அழித்தால் தங்க மை போட்ட இடம் அசிங்கமாகிவிடும். தும்பி பிடித்து வந்தவளுடைய அட்டை வேறு ரொம்ப அழகாக இருந்தது. எனக்கு முதல் பரிசு வேண்டும். பெரியப்பாவுக்கு ஏதாவது ஆகும் என்று தெரியாமலா? தெரியும். ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். கூண்டுக்குக் கீழே பேசினில் ஐஸ் போட்டு வைத்த சோத்தோங் நாற ஆரம்பித்தது. ஆபீசர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தார். முதல் பரிசை அவர் கையால்தான் வாங்கினேன். மறுவாரம் லயத்துக்கு வந்தார். நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை, கேஸ் எழுதவில்லை. “விட்ருங்க பாக்சிக், அது காட்டுல இருக்க வேண்டியது,” என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். பெரியப்பாவே கூண்டை ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போய்க் கதவைத் திறந்தார். குருவி வெளியே வர யோசித்தது. கையை விட்டு எடுத்து விட்டார். லயமே கை தட்டியது. டீச்சர் கண் கலங்கி, “பாத்தியா, உன்னால ஒரு உயிருக்கு விடுதலை,” என்று என் தலையைத் தடவினார். அவரும் நல்லவர்தான். பிறந்ததிலிருந்து வாழைப்பழமும் பப்பாளியும் தட்டில் வாங்கித் தின்ற குருவிக்கு விடுதலை என்றால் என்ன என்று அங்கே நின்ற பெரியவர்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பம்பு வீட்டுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். பூனை வேலை. மஞ்சள் தலை மட்டும் முழுசாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சட்டியில் மண் அள்ளி வந்து மூடினேன். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுப் பசியாறினேன்.

அதற்கு மறுநாள் காலை பெரியப்பா வேலி ஓரம் நிற்பதைப் பார்த்தேன். முள்வேலிக் கம்பியில் அந்தக் கடல் நுரையைக் கட்டிவிட்டு, ஆற்றைப் பார்த்து விசில் அடித்தார், இரண்டு நீளம், ஒரு குட்டை. காத்திருந்தார். மறுபடி அடித்தார். பேரைக் கொடுக்க நேரமாகிவிட்டது, அவர் நகரவில்லை. வேலை வாங்கும் தண்டல் கூப்பிட ஆள் அனுப்பிய பிறகுதான் போனார். நாலு நாள் இப்படியே.

ஐந்தாம் நாள் நான் பம்பு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்தேன். பொம்பளப் பிள்ளை விசில் அடிக்கிறாள் என்று அம்மா எத்தனை முறை வாயில் போட்டிருப்பார்! அந்த வித்தை அன்றைக்குத்தான் உதவிற்று. அவர் கூப்பிட்டதும் நான் உருட்டினேன். குருவி மாதிரியே இல்லை, கொஞ்சம் தடித்து வந்தது. ஆனால் பெரியப்பா வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இருக்கியாடா… இருக்கியா,” என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன். ஆறுதல் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். எங்கே நிறுத்துவது? மறுநாள் நிறுத்தினால் அப்போதும் அவர் அங்கே நிற்பார். தினமும் விடியுமுன் கிளம்பினேன். அம்மா கேட்டால் கக்கூஸ் என்றேன். நாளாக நாளாக நன்றாகவே வந்தது. குருவிக்கே தெரியாத உருட்டல் எல்லாம் போட்டேன். பெரியப்பா பழைய மாதிரி சிரிக்க ஆரம்பித்தார். “இப்பத்தான் நல்லா கூவுது. காட்டுத் தண்ணி குடிச்சு தொண்டை திறந்திருச்சு,” என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பாராட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

வருஷக் கடைசியில் தோட்டம் கை மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். பால்மரம், செம்பனை எல்லாவற்றையும் சாய்க்கப் போகிறார்கள், லயம் இருக்காது என்றார்கள். டவுன் ஓரத்துத் தாமானில், புதுக் குடியிருப்பில், ஆளுக்கு ஒரு சின்ன வீடு. வேண்டும் என்பவர்கள் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வருகிற நாளில் கையெழுத்துப் போட வேண்டும், அன்றோடு சரி, பிறகு கேட்டால் கிடையாது. அப்பா சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து வைத்துவிட்டார். லயத்தில் எல்லோரும் தயார். பெரியப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

கையெழுத்துக்கு முதல் நாள் அம்மா அவரிடம் நேரே கேட்டார். “அண்ணே, நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்ருங்க. தனியா இங்க கெடந்து என்ன செய்யப் போறீங்க?”

“பாப்போம்-மா. காலையில அது கூப்பிடுதான்னு பாத்துட்டு முடிவு பண்றேன். ரெண்டு நாளா சரியா கூவல. அதுவும் வேற எடம் போயிடுச்சுன்னா எனக்கென்ன இங்க வேலை?”

ரெண்டு நாளாக எனக்குக் காய்ச்சல். அதனால்தான் சரியாக வரவில்லை.

படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன். பதினொரு வயசு என்றால் ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள். நாளைக்கு நான் போகாவிட்டால் அவருக்கு வீடு. போனால் இல்லை. போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். விடிந்தது. முதல் விசில் கேட்டது. போர்வையைத் தலைவரை இழுத்தேன். இரண்டாவது கேட்டது. மூன்றாவது பாதியிலேயே நின்றது. எட்டிப் பார்த்தேன். வேலியில் கையை வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. ஓடினேன். பம்பு வீட்டுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்று, என் வாழ்நாளில் அடிக்காத ஒரு விசில் அடித்தேன். உருட்டி, ஏற்றி, இறக்கி, நீட்டி. நெஞ்சிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் குருவியாகவே கூவினேன்.

கிராணியிடம் பெரியப்பா சொன்னதை எல்லோரும் கேட்டோம். “எனக்கு வேணாம்-லா. நான் போயிட்டா அது யாரக் கூப்பிடும்?” கிராணி தலையில் அடித்துக்கொண்டு பேரை அடித்தார். அப்பா சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும். ‘குருவி செத்துப்போச்சு பெரியப்பா, கூவுறது நான்தான்.’ அவ்வளவுதானே.

ஒவ்வொரு குடும்பத்தையும் அவருடைய லோரியில்தான் ஏற்றிக்கொண்டு போய்த் தாமானில் இறக்கினார். எங்கள் முறை வந்தபோது அம்மாவும் நானும் முன்னால் அவர் பக்கத்தில். கியரை மாற்றிக்கொண்டே சொன்னார், “இன்னைக்குக் காலையில கூவல. ராத்திரி மழை பேஞ்சுச்சுல்ல, அதான்.” நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன் காலையில். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டில், அலமாரி எல்லாம் இறக்கியதும் தேத்தண்ணிகூட முழுசாகக் குடிக்கவில்லை. “வேளையோட போயி இன்னொரு தடவ கூப்ட்டுப் பாக்கணும்,” என்று கிளம்பிவிட்டார்.

தாமானில் சோத்தோங் மலிவு. அப்பா வாரம் தவறாமல் வாங்கி வந்தார். ஒருநாள் சோத்தோங் சம்பலைப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னார், “அந்த லயத்துல அண்ணன் மட்டும்தான் இருக்காராம். கரண்ட் வெட்டியாச்சாம். குருவி வரும்னு ஒக்காந்திருக்காராம், பைத்தியக்காரர்.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பதினேழு வயசில் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் அம்மா என்னை அனுப்பினார். பெரியப்பா புலாவ் செபாங்கில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், ரயில் நிலையத்துக்குப் பின்னால், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். லயத்தை இடித்த பிறகு அங்கே போய் ஒட்டிக்கொண்டாராம். சமையலறை ஓரத்தில் ஒரு கட்டில், அவ்வளவுதான் இடம். தங்கச்சி மருமகள் அவரைத் தாண்டித் தாண்டித்தான் பாத்திரம் எடுத்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “பாப்பா! எவ்ளோ வளந்துட்ட!”

பேச்சு குருவிக்குத்தான் வந்தது. “நீங்க போன அன்னையோட அதுவும் போயிடுச்சு பாப்பா. அப்பறம் ஒரு நாளும் கூவல. வருஷக் கணக்கா நின்னு பாத்தேன்.” பிறகு கேட்டார், “நீங்க போன பக்கம் வந்துச்சா? என்னைக்காச்சும் கேட்டியா?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமா பெரியப்பா. தாமான் பின்னால ஒரு தடவ கேட்டேன்.” ஆறுதலாம்! மறுபடியும் ஆறுதல்.

“அப்படியா!” கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்படிக் கூவுச்சு? அடிச்சுக் காட்டு. நீதான் நல்லா விசிலடிப்பியே.”

விரலை வைத்தேன். வேறு எப்படியாவது அடித்திருக்கலாம். வாய்க்கு அந்த ஒன்றுதான் தெரியும். உருட்டி, ஏற்றி, இறக்கி, நீட்டி. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்தது. கண்ணைத் திறந்தார். என் விரலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். உள்ளே மருமகள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

“கிராணி வந்த அன்னைக்குக் காலையிலயும் நீதானா பாப்பா?”

தலையை ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. தட்டிலிருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார். “அன்னைக்குத்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றார். அதற்குப் பிறகு நான் கிளம்புகிற வரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அடுத்த வருஷம் இறந்துவிட்டார்.

நம் சந்திப்பு முடிந்த இரவு கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். பாராவ் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறதாம், பல நாடுகளில் காடே மௌனமாகிவிட்டதாம். சோத்தோங்கில் சில சாதிக்குக் கவலை இல்லை, சிலவற்றுக்கு முடிவு சொல்லப் போதிய தகவல் இல்லை என்று போட்டிருக்கிறது. ‘யாரால் ஆபத்து’ என்ற கட்டத்தில் ‘மனிதன்’ என்று எழுதி நான் வாங்கிய சிவப்பு மைச் சரிக்குறி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் பேரைப் போட்டே எழுதியிருக்கலாம்.

அதனால், கூட்டாளிகளே, அடுத்த முறை கூடும்போது பாடச் சொல்லுங்கள், ஆடச் சொல்லுங்கள், செய்கிறேன். விசில் மட்டும் கேட்காதீர்கள். என் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.